தலைகீழாய் வந்த ஏழு

“அந்தப் பத்தியை எடுத்துடுங்க.”

“எதை மேடம்? குலுக்கல் பங்கையா?”

“ஆமா. முழுசா எடுத்துடுங்க.”

“அதுக்காகத்தானே இவ்வளவு நாளா மாடி ஏறி எறங்கினோம்?”

“எறங்கினது போதும். எடுங்க.”

“காரணம்னு குறிப்புல என்ன மேடம் போடறது?”

“ஒண்ணும் போட வேண்டாம். எடுக்கச் சொன்னது நான்னு மட்டும் போடுங்க.”

மாண்பும் மனத்திண்மையும் ஒருங்கே வாய்ந்த எங்கள் மதிப்பீட்டுப் பிரிவின் இயக்குநர் அம்மையீர்! மறுக்கும்போதும் மனம் முறியாமல் மறுத்த மதியாளரே! கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க இயலாத நிதியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டவர் அனைவரையும் மதிக்க இயன்ற பெருந்தகையே! தேசிய ஆய்வு நிதிக் குழுவின் பணியாளர்கள் நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்!

மேலே படித்த பேச்சு, போன மாதம் கொள்கைக் குழுவின் கூட்டம் முடிந்த கையோடு, நான்காம் மாடி நடைவழியில் உங்களுக்கும் நம் சுருக்கெழுத்தாளருக்கும் இடையே நடந்தது. பணி ஓய்வுப் பாராட்டு மடலை இப்படி யாரும் தொடங்குவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து ‘நீங்கள், நீங்கள்’ என்று புகழத் தொடங்கினால், இரண்டாம் வரியிலேயே கையைத் தூக்கி “சரி, அடுத்தது” என்று சொல்லிவிடுவீர்கள். ஆகவே மேடையில் அமர்ந்திருக்கும் உங்களைச் சற்று நேரம் மறந்துவிட்டு, ‘அவர்’ என்று ஒருவரைப் பற்றிக் கதை சொல்லப்போகிறோம். கதையில் வரும் வீட்டுச் செய்திகளை எங்களிடம் கொட்டியவர்கள் இருவர். இருவரும் மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை இப்போது முறைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் முறைத்துக்கொள்ளலாம்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் இங்கே பணியில் சேர்ந்தபோது, பழைய தொலைபேசி நிலையமாக இருந்த இந்தக் கட்டிடம் அப்போதுதான் நம் கைக்கு வந்திருந்தது. சுவர்களில் கம்பி போன துளைகளைச் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். காற்று பலமாக அடித்தால் என்றோ நடந்த செய்திகள் மேசைமேல் வந்து விழும். அந்த அறைகளில் உட்கார்ந்துதான் ஒரு நாடு, தன் நாளைய அறிவுக்காக இன்று யாரிடம் பணம் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டிருந்தது. கிருமியைத் தேடுகிறவர், கடல்நீரின் உப்பைப் பிரிக்கிறவர், வௌவாலின் காதை அளக்கிறவர் என்று எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் இருவருக்குக் கிடைக்கும். மற்ற எட்டுப் பேரின் கோபத்துக்கு முகம் கொடுக்கும் நாற்காலி அவருடையது.

அந்த எட்டுப் பேர் எழுதியதையும் அவர் வரிவரியாகப் படித்தார். படிக்காமலே மறுக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. “ஒருத்தர் ரெண்டு வருஷம் யோசிச்சு எழுதினதை நான் ரெண்டு மணி நேரம் படிக்கக் கூடாதா?” என்பார். மாலையில் அலுவலகம் காலியான பிறகு, எதிரே உள்ள அச்சகத்தின் தகரக் கூரையில் புறாக்கள் நடக்கும் ஓசையைக் கேட்டபடி, யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆய்வகத்தில் கண்ட கனவை அவர் வாசித்துக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் அவருடைய அறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், நிமிரும்போது அவர் கண்கள் சில நொடி வேறெங்கோ இருக்கும். ஆழ்கடலிலிருந்தோ, அணுவுக்குள்ளிருந்தோ திரும்பி வந்துதான் “என்ன விஷயம்?” என்று கேட்பார்.

வீட்டில் நிலைமை வேறு. அவர் கணவர் பல்செட் கட்டுபவர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறைதான். எங்கு பார்த்தாலும் வெள்ளை மாவு. அலமாரி நிறைய யார் யாருடைய தாடைகளோ வரிசையாய் வாய் பிளந்து நிற்கும். “ஊர்ல பாதிப் பேரோட சிரிப்பு நம்ம அலமாரியிலதான் இருக்கு” என்று கணவர் பெருமை அடித்துக்கொள்வார். மகள் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். “அப்பா எல்லாரையும் வாயைத் திறக்க வைக்கிறாரு, அம்மா எல்லாரையும் வாயை மூட வைக்கிறாங்க, நான் கதவைத் திறந்து மூடிக்கிட்டிருக்கேன்” என்பது மகள் தம் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் முறை.

இனி, யாருக்கும் தெரியாத கதைக்கு வருவோம். அம்மையீர், எழுந்திருக்க வேண்டாம். சொல்வதற்கு வேண்டிய அனுமதியை, அதைக் கொடுக்கக்கூடியவரிடமே வாங்கியிருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு வரை வல்லுநர் குழுக்கள் விண்ணப்பங்களை வரிசைப்படுத்தித் தருவது வழக்கம். மிக நல்லதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் போடுவார்கள். ஒரு புதிய நிர்வாகம் வந்தது. வரிசை வேண்டாம், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுங்கள், கூடுதலாக வாங்கியவற்றைக் கணினியே பொறுக்கிக்கொள்ளும் என்றது. எல்லாக் குழுக்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. எல்லாரும் படித்தார்கள், உலோகவியல் குழு மட்டும் படிக்கவில்லை.

அந்தக் குழுவின் தலைவர் ஓர் உலோகவியல் பேராசிரியர். நாடே மதிக்கும் மனிதர். அவர் மதிக்காதவை இந்த உலகில் சுற்றறிக்கைகள் மட்டுமே. “நல்லதுக்கு ஒண்ணு. காலங்காலமா போடறதுதானே, இதுல புதுசா என்ன இருக்கு?” என்று தம் குழுவினரிடம் சொன்னார். அவர் சொன்னால் அங்கே எதிர்ப்பேச்சு கிடையாது. மிகச் சிறந்த விண்ணப்பத்துக்கு ஒன்று போட்டார்கள். அடிமட்டத்தில் இருந்தவற்றுக்குப் பத்து போட்டார்கள். கணினி பத்துகளைப் பார்த்தது, பரவசப்பட்டது, பணத்தை அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஏழு பேருக்கு வருத்தம் தெரிவித்து மடல் போயிற்று. கீழே இருந்த ஏழு பேருக்கு வாழ்த்து போயிற்று.

சில நாளில் அவருடைய மேசைத் தொலைபேசி ஒலித்தது. பேசியது ஒரு சிறிய கல்லூரியின் வேதியியல் ஆசிரியை.

“மேடம், எனக்குப் பணம் வந்திருக்கு.”

“சந்தோஷம்மா. வாழ்த்துகள்.”

“இல்ல மேடம். தப்பா வந்திருக்கா?”

அவர் சிரித்துவிட்டார். பணம் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம்.

“ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?”

“வல்லுநர் கருத்துன்னு ஒண்ணு கூட வந்திருக்கு மேடம். ‘ஆழம் போதாது, தேறுவது கடினம்’னு எழுதியிருக்கு. பக்கத்துலயே பத்துக்குப் பத்து. எங்க காலேஜ்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ‘திட்டு உனக்கு, மார்க்கு வேற யாருக்கோ’ன்னு எங்க முதல்வர் கேலி பண்றாரு.”

அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மாலைக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. நம் நிதிக் குழுவின் அன்றைய தலைவரின் அறைக்கு மேலேறிப் போனார். தலைவர் நல்லவர்தான். நாற்காலி ஆடக் கூடாது என்று நினைக்கும் நல்லவர்.

“ரத்து பண்ணிடலாம்மா. கம்ப்யூட்டர் தப்புன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது.”

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலை சார். நாம சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தேறாத ஏழு பேருக்கு அரசாங்கப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கறோம்.”

“ஏழும் முதல் சலிப்புல தேறினதுதான் சார். அறிவியல்படி பிழை இல்லாததுன்னு நாமளே முத்திரை குத்தியிருக்கோம். கடைசியா இருந்ததே தவிர, குப்பை இல்லை. வாக்குக் கொடுத்தாச்சு, கொடுத்தது கொடுத்ததா இருக்கட்டும். மேல இருந்த ஏழு பேருக்கும், செலவாகாமத் திரும்பற நிதியில இருந்து கொடுத்துடலாம். தணிக்கைக்கு உள்ளதை உள்ளபடி நான் எழுதித் தர்றேன்.”

“பதினாலு பேருக்கா?”

“பதினாலு பேருக்கும். அப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம் சார். இப்படி ஒரு வாய்ப்பு எந்த நாட்டுக்கும் வேணும்னு கேட்டாக் கிடைக்காது.”

தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தவற்றைச் சொல்ல வந்தவர் முகத்தில் இப்படி ஓர் ஒளி இருப்பதை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். “இந்த அறையை விட்டு வெளிய போகாம இருந்தாச் சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் வந்தார். எப்போதும் நான்கு பேர் சூழ வருகிறவர் அன்று தனியாக வந்தார். கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை.

“ஏம்மா, வெளிய தெரிஞ்சுடுமா?”

“தணிக்கைக்குத் தவறு நடந்ததுன்னு எழுதியிருக்கேன் சார். யாருன்னு எழுதலை.”

“என்கிட்டப் படிச்ச பசங்க நாடு முழுக்க இருக்காங்க. ஒண்ணுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு சிரிப்பாங்கம்மா. வேற எதுக்குச் சிரிச்சாலும் பரவாயில்லை.”

“நான் உயிரோட இருக்கற வரைக்கும் என் வாயில இருந்து வராது சார்.”

கொடுத்த வாக்கை அவர் எத்தனை கடுமையாகக் காத்தார் என்பதற்கு அவருடைய வீடே சாட்சி. அந்த வேதியியல் ஆசிரியை செய்துகொண்டிருந்தது ஒரு பூச்சு. இரும்பில் பூசி வைத்தால், கண்ணுக்குத் துரு தெரியும் முன்பே அந்த இடம் நீலமாக மாறும். ஆண்டுகள் சில போயின. ஒரு நாள் மகள் விரல்களெல்லாம் நீலமாக வேலையிலிருந்து வந்தார்.

“என்னடி கை இது?”

“புதுசா ஒரு பூச்சும்மா. மின்தூக்கிக் கம்பிக் கயித்துல தடவினா, எந்த இழை போகப்போகுதுன்னு முன்னாடியே காட்டுது. யாரு கண்டுபிடிச்சாங்களோ, அவங்க கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும்.”

அம்மா மகளின் நீலக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சோப்புப் போட்டுக் கழுவு” என்றார். மகளுக்கு அது அப்போது விளங்கவில்லை. இப்போது, இந்த நிமிடம், மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இதைக் கேட்டு, கடைசியாய் இருந்தவை எல்லாம் முதலாய் வந்தன என்று நினைத்துவிட வேண்டாம். அப்படியெல்லாம் நடக்கவில்லை, நடந்ததாகச் சொன்னால் அவரே எழுந்து மறுப்பார். ஐந்தாண்டு முடிந்ததும் வெளியாட்களான வல்லுநர்களை அழைத்து, பதினான்கு ஆய்வுகளையும் கலந்து வைத்துக் காட்டினார். தலைகீழாய் வந்த ஏழில் சில சத்தமில்லாமல் முடிந்துபோயின, சில பரவாயில்லை ரகம், ஒன்று அந்த நீலப் பூச்சு. தேர்ந்து வர வேண்டியிருந்த ஏழிலும் அதே கதை. சில முடிந்துபோயின, சில பரவாயில்லை, ஒன்று மிக நன்றாக வந்தது. எந்த ஏழு எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வந்தவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்கள், தாடியைத் தடவினார்கள். கடைசியில் பாதிக்குப் பாதி தவறாகச் சொன்னார்கள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர் கணவரிடம் கேட்டாராம்: “ஏங்க, ஒருத்தர் பல்லைப் பார்த்து அவர் நல்லாச் சிரிப்பாரான்னு சொல்ல முடியுமா?”

“பல் நல்லா இருக்கான்னு சொல்லலாம். சிரிக்கறது அவங்க கையிலதானே இருக்கு?”

“அதேதான்” என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எழுதப் போய்விட்டாராம்.

குலுக்கல் பங்கு அப்படித்தான் பிறந்தது. பிழையுள்ளதையும் பிழையற்றதையும் வல்லுநர் கண்ணால் பிரித்துவிடலாம். ஆனால் பிழையற்ற பலவற்றுள் நாளை எது முளைக்கும் என்று எந்தக் கண்ணாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே பெரும்பங்கு நிதியை வழக்கம்போல் வல்லுநர் தீர்ப்புக்கே விட்டுவிட்டு, சிறு பங்கை மட்டும், முதல் சலிப்பில் தேறிய எல்லாருக்குமாகக் குலுக்கிப் போடலாம். பெரிய பெயர் இல்லாதவருக்கும், சிறிய கல்லூரிக்காரருக்கும், யாரும் யோசிக்காததை யோசித்ததால் யாருக்கும் புரியாமல் போனவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கும். இதைச் சோதனையாக நடத்த அவர் அனுமதி வாங்கினார். ஆண்டுதோறும் நம் கூட்ட அறையில், எண் எழுதிய மேசைப்பந்துகளைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் குலுக்கினோம். எடுப்பதற்கு எங்களில் எவரையும் அவர் நம்பவில்லை. எதிர் அச்சகத்தின் கணக்கரைக் கூப்பிட்டு வந்தார். “எனக்கு இதுல ஒண்ணும் புரியாதே அம்மா” என்று கணக்கர் கூச்சப்பட்டார். “அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார். அதன்பின் அந்த நாளுக்கென்று புதுச் சட்டை போட்டு வரத் தொடங்கினார் கணக்கர்.

பந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! எந்த ஆய்வகத்தில், எந்தச் சன்னல் ஓரத்தில், யாருடைய வாழ்க்கை இப்போது திசை திரும்புகிறதோ என்ற வியப்பில், எங்கள் இயக்குநர் ஒரு சிறுமியைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த ஆண்டு நாட்டின் ஆராய்ச்சி, தொழில்நுட்பம், புத்தாக்கம் மூன்றுக்கும் புதிய கொள்கை வகுக்கிறார்கள். குலுக்கல் பங்கு அதில் நிலையான விதியாக ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் சோதனைக் காலத்தோடு இந்த ஆண்டே முடிந்துவிடும். கொள்கைக் குழுவின் தலைவர் வங்கித் துறையிலிருந்து வந்தவர். கறாரானவர், ஆனால் கேட்பது நியாயமாகத்தான் கேட்பார்.

“அரசுப் பணத்தைப் பந்து உருட்டிக் கொடுக்கறதுன்னா, நாளைக்குப் பத்திரிகைக்காரங்க என்னை உருட்டுவாங்கம்மா. ஆதாரம் இருக்கா? நல்லதுன்னு சொன்னதையும் ஆகாதுன்னு சொன்னதையும் பக்கத்துல வச்சுப் பார்த்த ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க, நானே கையெழுத்துப் போடறேன்.”

பதில் இயக்குநரின் வாய் வரை வந்தது. பதினான்கு ஆய்வுகளும் வரிசையாய் மனத்தில் வந்து நின்றன. ஆனால் ஆகாதவற்றுக்கு எப்படிப் பணம் போயிற்று என்றுதான் அடுத்த கேள்வி வரும். பதினான்கும் உலோக ஆய்வுகள். நாட்டில் உலோகவியல் குழு ஒன்று, அதற்கு அன்று தலைவர் ஒருவர். பெயரைச் சொல்லாமல் கதையைச் சொன்னாலும் பெயரைச் சொன்னதாகத்தான் ஆகும். தாம் வளர்த்த பிள்ளை ஒரு பக்கம், தாம் கொடுத்த வாக்கு மறுபக்கம். “யோசிச்சு சொல்றேன் சார்” என்று எழுந்து வந்தார். நடைவழியில் நின்று “அந்தப் பத்தியை எடுத்துடுங்க” என்றார்.

எங்களுக்குக் கோபம். ஓய்வு பெறும் நேரத்தில் பயந்துவிட்டார் என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். அம்மையீர், அந்த முணுமுணுப்புக்காக இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கேட்ட ஆதாரம் இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் கணவர் பட்டறையில் ஒரு பெரியவருக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய மாவை அடைத்து, “இறுகற வரைக்கும் ஆடாதீங்க, பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு, பொழுது போகத் தம் மனக்குறையை அவிழ்த்துவிட்டார். வாயைத் திறக்க முடியாதவர்களிடம் மனம் திறப்பது அவருடைய தொழில் வழக்கம்.

“என் வீட்டுக்காரி இருக்காளே, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கற ஆபீஸ்ல பெரிய அதிகாரி. குலுக்கல் பங்குன்னு ஒண்ணு. பெத்த பிள்ளையைவிட அதைத்தான் பார்த்துப் பார்த்து வளர்த்தா. முந்தாநாள் அவளே போய் அடிச்சுட்டு வந்து நிக்கறா. ஆதாரம் கேட்டாங்களாம். இருக்காம், ஆனா சொல்ல மாட்டாளாம். யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்காளாம். அந்த மகராசன் யாருன்னு தெரிஞ்சா நல்லாக் கேட்டு விட்டுருவேன்.”

பெரியவரின் கண்கள் விரிந்தன. தொண்டையிலிருந்து ஏதோ ஓசை வந்தது.

“பேசாதீங்க! அச்சு கெட்டுடும்.”

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மாவு இறுகும் வரை ஒரு வார்த்தையும் பேச முடியாமல், தம்மைப் பற்றிய வசவு அத்தனையையும் கேட்டு முடித்தார். மாவை எடுத்ததும் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை.

“நீங்க தேடற மகராசன் நான்தான். என்ன கேக்கணுமோ கேளுங்க.”

பல்லில்லாத வாயால் பழைய கதை முழுவதையும் சொன்னார். கணவர் கையிலிருந்த அச்சைக் கீழே போட்டார். மறுபடி மாவு குழைக்க வேண்டியதாயிற்று. “இந்தத் தடவையாவது சுற்றறிக்கை எதாவது இருந்தா முதல்லயே காட்டிடுங்க, படிச்சிடறேன்” என்று பெரியவர் சொன்னதில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்றும், சிரித்து முடித்தபோது பெரியவரின் கண்ணில் நீர் இருந்தது என்றும் கணவர் எங்களிடம் சொன்னார்.

அம்மையீர்! இப்போது உங்களையே பார்த்துப் பேசுகிறோம். உங்கள் வலப்புறம் அமர்ந்திருப்பவர், முன்னாள் வல்லுநர் என்ற மரியாதைக்காக அழைக்கப்பட்டிருக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். அவர் வந்தது அதற்கல்ல. புதிய பல்லோடு, புதிய துணிவோடு, இந்தக் கதையைச் சபையில் படிக்கச் சொல்லி எங்களுக்கு அனுமதி கொடுத்தவர் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “கம்ப்யூட்டர் தப்புன்னு யாராவது எழுதினா எழுந்து போயிடுவேன்.”

பெருமைக்குரியவரே! பிறர் பிழையைப் பொதியாய்ச் சுமந்தும் முகம் சுளிக்காதவரே! ஒரு தவற்றை மறைத்து மூடாமல், மண்ணில் ஊன்றி மரமாக்கத் தெரிந்த மாமதியே! முப்பத்து நான்கு ஆண்டு உங்கள் நிழலில் நாங்கள் நின்றோம். கண்டுபிடிப்பு எங்கே பிறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதுதான் ஒரு நாட்டின் அறிவுக்குத் தொடக்கம் என்று உங்களிடம் கற்றோம். கண் ஒளி குன்றாமல், கால் வலி அணுகாமல், கணவரின் கேலியும் மகளின் சிரிப்பும் வீடு நிறைய ஒலிக்க, விரும்பிய நூலெல்லாம் பகலிலேயே படித்து, பல்லாண்டு நலமாய் நீங்கள் வாழ வேண்டும்! நாளை முதல் யாருடைய விண்ணப்பத்தையும் தொட மாட்டேன், நன்றாகத் தூங்கப்போகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்களாம். தூங்குங்கள், அம்மா. அந்தத் தூக்கத்துக்கு முழு உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் அதற்குமுன் ஒன்று கேட்க வேண்டும். கொள்கைக் குழு அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு முறை கூடுகிறது. அத்துடன் வரைவு மூடப்படும். பணியில் இருக்கும் நாங்கள் துறையின் நிலைப்பாட்டை மட்டுமே அங்கே பேசலாம். துறையின் நிலைப்பாடு, உங்கள் சொற்படி அந்தப் பத்தி எடுக்கப்பட்ட வரைவு. பேராசிரியர் நடந்த தவற்றைச் சொல்ல முடியும். ஆனால் பதினான்கு ஆய்வுகளையும் ஐந்தாண்டு அருகிருந்து பார்த்த கண்கள் உங்களுடையவை மட்டுமே. நாளை காலை முதல் நீங்கள் எங்கள் அதிகாரி அல்ல, இந்த நாட்டின் குடிமகள். குடிமக்கள் பேசலாம்.

இதை எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு உங்களிடம் விடுப்பு கேட்டிருக்கிறோம், கையெழுத்து கேட்டிருக்கிறோம். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஆகவே பேராசிரியர் சொன்ன சொற்களையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், மடலின் முடிவாக வைக்கிறோம்:

“அன்னைக்கு நான் வாங்கின வாக்கை இன்னைக்கு எல்லார் முன்னாடியும் திருப்பிக் கொடுத்துட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் மட்டும் போனா, வயசான காலத்துல உளர்றான்னு உக்கார வச்சுத் தண்ணி கொடுத்து அனுப்பிடுவாங்க. அவங்க பக்கத்துல இருந்தா எனக்குச் சொல்லத் தைரியம் வரும். வாம்மா, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்.”

என்றும் உங்கள் அன்பில் வாழும்,
தேசிய ஆய்வு நிதிக் குழுவின் பணியாளர்கள் அனைவரும்,
மற்றும் எதிர் அச்சகத்தின் கணக்கர்